கோல் அடிக்காதவரை எப்படி எடை போடுவது? கோவில்பட்டி கல்லூரி டிஃபெண்டர் ஹாக்கி லீக் ஏலம் வரை போக என்ன வேணும்? | முழு விளக்கம்

ஹாக்கியில் கோல் அடிச்சவர் பேர் ஸ்கோர்போர்டில் வரும். கோல் விழாம தடுத்தவர் பேர் எங்கேயும் வராது.

கல்லூரி அணியில் ஆடும் ஒரு ஃபார்வர்டு, "இந்த வருஷம் இத்தனை கோல்" என்று ஒரே வரியில் தன்னைப் பற்றிச் சொல்லிவிடலாம். அதே அணியில் பின்வரிசையில் நிற்கும் டிஃபெண்டரிடம் அப்படிச் சொல்ல ஒரு எண் கிடையாது. ஆனால் லீக் ஏலத்தில் இரண்டு பேருமே ஒரே பட்டியலில்தான் இருப்பார்கள்.

தமிழ்நாட்டு ஹாக்கியின் விளைநிலம் என்று பெயர் வாங்கிய ஊர் கோவில்பட்டி. இங்கிருந்து ஒரு டிஃபெண்டர் தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாரா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் எதைக் கவனிப்பார்கள்? பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா...

- டேக்கிள் எண்ணிக்கையைவிட, டேக்கிள் தேவைப்படாமலே ஆபத்தைத் தடுப்பதற்கு மதிப்பு அதிகம்.
- பந்தைப் பறித்தபின் அடுத்த பாஸ் எங்கே போகிறது என்பதுதான் கல்லூரி ஆட்டத்தையும் லீக் ஆட்டத்தையும் பிரிக்கும் கோடு.
- பெனால்டி கார்னரில் ஏதாவது ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டும். அடிக்கத் தெரியணும், இல்லைன்னா தடுக்கத் தெரியணும்.
- ஓட்டம், உயரம், எடை எல்லாம் உள்ளே நுழைய ஒரு டிக்கெட் மாதிரி. முடிவு செய்வது ஆட்ட வீடியோ.

கோவில்பட்டிக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று நீளும் இந்தக் கரிசல் வட்டாரத்தில் உள்ளவர்களுக்கு ஹாக்கியும் சேர்த்தே ஞாபகம் வரும்.

கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்வெளி ஹாக்கி மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி இந்த ஊரில்தான் நடக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு மையமும் இங்கேதான்.

அந்த மையத்தில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார்கள். மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்தி அரியலூர் மாவட்டத்துக்காரர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியா அடித்த ஒரே கோல் கார்த்தி அடித்தது. அந்த ஆட்டம் 1-1 என்று டிரா ஆனது. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

2023-ல் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற இந்திய அணியிலும் கார்த்தி இருந்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். மாரீஸ்வரன், கார்த்தி இரண்டு பேருமே டிஃபெண்டர்கள் இல்லை.

இதை ஒடிசாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து வந்த திலீப் திர்கி, பிரேந்திர லக்ரா, அமித் ரோஹிதாஸ் மூவரும் டிஃபெண்டர்கள். திர்கியும் ரோஹிதாஸும் சவுனாமாரா என்ற ஒரே கிராமத்துக்காரர்கள். 400-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் ஆடிய திர்கி, இப்போது ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவர். ஒரு வட்டாரத்தில் ஒரு நல்ல டிஃபெண்டர் வந்துவிட்டால், பின்னால் வரும் பையன்களை எப்படிப் பார்க்கணும் என்பது அந்த ஊருக்கே பழகிவிடும்.

லீக்கில் மொத்தம் எத்தனை இடம்?

ஹாக்கி இந்தியா லீக் 2013 முதல் 2017 வரை நடந்தது. அப்புறம் நின்றுபோனது. 2024 டிசம்பர் 28-ம் தேதி ஒடிசாவின் ரூர்கேலாவில் மறுபடியும் தொடங்கியது. அதற்கான வீரர்கள் ஏலம் 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்தது.

அந்த ஏலத்தின் விதிகளை வைத்துக் கணக்குப் போட்டால் போட்டி எவ்வளவு கடுமை என்பது தெரியும்:

- ஆண்கள் பிரிவில் 8 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 24 வீரர்கள்.
- அதில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள். வெளிநாட்டு வீரர்கள் 8 பேர்.
- 16 இந்தியர்களில் 4 பேராவது ஜூனியர் வீரர்களாக இருக்க வேண்டும்.
- அடிப்படை விலை மூன்று வகை: 10 லட்சம், 5 லட்சம், 2 லட்சம் ரூபாய்.
- ஓர் அணி செலவழிக்கக்கூடிய தொகை 4 கோடி ரூபாய்.

அப்படின்னா இந்தியர்களுக்கு 128 இடம். ஜூனியர்களுக்கு உறுதியாக இருப்பது 32 இடம். இதில் கோல்கீப்பர், மிட்ஃபீல்டர், ஃபார்வர்டு எல்லாரையும் கழித்துப் பார்த்தால், ஜூனியர் டிஃபெண்டருக்கு நாடு முழுவதும் சேர்த்து மிஞ்சுவது விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான்.

ஹாக்கியில் ஜூனியர் என்றால் 21 வயதுக்கு உட்பட்டவர். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு மூடுற நேரம். அதனால்தான் 19, 20 வயதில் சரியாக எடை போடப்படுவது அவ்வளவு முக்கியமாகிறது.

டிஃபெண்டரை எடை போடுவது ஏன் கஷ்டம்?

ஒரு ஆட்டத்தில் 12 டேக்கிள் போட்ட டிஃபெண்டரையும் 4 டேக்கிள் மட்டும் போட்டவரையும் எடுத்துக்கொள்வோம். பார்த்தவுடன் முதல் ஆள்தான் நல்ல வீரர் என்று தோணும். உண்மை நேர்மாறாகவும் இருக்கலாம்.

12 தடவை டேக்கிள் போட வேண்டி வந்தது என்றால், 12 தடவை எதிரணி வீரர் பந்தோடு அவர் முன்னால் வந்து நின்றார் என்று அர்த்தம். நின்ற இடம் சரியாக இருந்திருந்தால் அந்தப் பாஸே போயிருக்காது. தோட்டக் காவல்காரர் தினமும் ஆட்டை விரட்டுகிறார் என்றால், வேலியைத்தான் முதலில் பார்க்கணும்.

இதனால் அனுபவமுள்ள தேர்வாளர்கள் பந்தைப் பின்தொடர்ந்து ஆட்டம் பார்ப்பதில்லை. பந்து மைதானத்தின் அந்தப் பக்கம் இருக்கும்போது, இந்தப் பக்கம் இருக்கும் டிஃபெண்டர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். தன் ஆளை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாரா? உள்ளே வந்து நடுவை மூடுகிறாரா? பக்கத்தில் நிற்பவரிடம் கத்திச் சொல்கிறாரா? டிவி கேமராவில் இது எதுவுமே தெரியாது. மைதானத்துக்கு நேரில் போனால்தான் தெரியும்.

முதல்ல பார்ப்பது: காலில் நிற்கிறாரா?

ஹாக்கியில் இரண்டு வகை டேக்கிள் அதிகம் பயன்படும். ஒன்று ஜாப். ஸ்டிக்கை ஒரு கையால் குத்துவது போல நீட்டி, எதிராளியைத் தயங்க வைப்பது. இன்னொன்று பிளாக். ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து வழியை அடைப்பது.

கல்லூரி ஆட்டங்களில் கைதட்டல் வாங்குவது இரண்டாவது வகை. விழுந்து புரண்டு பந்தைப் பறித்தால் கேலரியே எழுந்து நிற்கும். ஆனால் ஒரு தடவை தப்பினால், தரையில் கிடக்கும் டிஃபெண்டரைத் தாண்டி எதிராளி நேராக கோல்கீப்பரிடம் போய்விடுவார்.

லீக் அளவில் எதிர்பார்ப்பது பொறுமை. எதிராளியை வேகமாகத் தாக்காமல், ஒரு ஸ்டிக் தூரம் விட்டு, பின்னால் நகர்ந்தபடியே அவரைப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போகணும். வலது கைப் பக்கம் போகவிடுவதா, இடது கைப் பக்கம் போகவிடுவதா என்பதை டிஃபெண்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஃபார்வர்டு அல்ல. பந்து ஸ்டிக்கைவிட்டுக் கொஞ்சம் விலகும் அந்த நொடியில்தான் டேக்கிள்.

'டி'-க்குள் ஒரு தப்பு, என்ன விலை?

கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வரையப்பட்டிருக்கும் வளைவுதான் 'டி' எனப்படும் வட்டம். இதற்குள் நின்று அடித்தால்தான் கோல். டிஃபெண்டரின் தவறுகளுக்கு இங்கே விலை அதிகம்:

- வட்டத்துக்குள் தெரியாமல் காலில் பந்து பட்டாலும் பெனால்டி கார்னர்.
- வட்டத்துக்கு வெளியே, 23 மீட்டர் கோட்டுக்குள் வேண்டுமென்றே தவறு செய்தாலும் பெனால்டி கார்னர்.
- விழப்போகும் கோலை விதிமீறித் தடுத்தால் பெனால்டி ஸ்ட்ரோக்.

ஒரு டிஃபெண்டர் ஒரு தொடரில் எத்தனை பெனால்டி கார்னர் கொடுத்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லும் சில எண்களில் முக்கியமானது. கல்லூரி ஸ்கோர்ஷீட்டில் இது வீரர் பேரோடு பதிவாவதில்லை. வீடியோ இருந்தால் எண்ணிவிடலாம்.

பந்து கிடைச்சாச்சு... அடுத்து?

பல இளம் டிஃபெண்டர்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான்.

கல்லூரி ஆட்டத்தில் பந்தைப் பறித்து, பலமாக முன்னால் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. லீக்கில் அப்படி அடித்த பந்து ஐந்து நொடியில் திரும்பி வந்துவிடும். எதிரணி மூன்று, நான்கு பேராக முன்னேறி வந்து பாஸ் போகும் வழிகளை அடைத்து நிற்பார்கள். 'பிரஸ்' என்பார்கள் இதை. அந்த வலைக்குள்ளிருந்து பந்தை வெளியே கொண்டுபோகத் தெரியணும்.

தேர்வாளர்கள் பார்க்கும் மூன்று பாஸ்கள்:

- ஸ்லாப் பாஸ்: ஸ்டிக்கைத் தாழ்வாகச் சுழற்றித் தரையோடு வேகமாக அனுப்புவது. எதிராளிக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுக்காமல் கடைசி நொடியில் திசை மாற்றத் தெரிகிறதா?
- குறுக்குப் பாஸ்: ஒரு பேக்கிலிருந்து இன்னொரு பேக்குக்கு. அவசரப்படாமல் ஆட்டத்தின் பக்கத்தை மாற்றும் தைரியம் இருக்கிறதா?
- ஓவர்ஹெட்: பந்தை அள்ளி, எல்லோர் தலைக்கும் மேலே தூக்கி அனுப்புவது. வெறும் தூரம் போதாது. தன் அணிக்காரர் தனியாக நிற்கும் இடத்தில் விழணும். எதிரணிக்காரர் நிற்கும் இடத்தில் விழுந்தால், பந்தை எடுக்க அவருக்கு 5 மீட்டர் இடம் விட்டாகணும் என்பது விதி.

தன் பகுதியில் பந்தை இழந்து கோல் வாங்கிக் கொடுத்த பிறகு, அடுத்த பந்தை வாங்க அந்த டிஃபெண்டர் முன்வருகிறாரா, ஒளிந்துகொள்கிறாரா என்பதையும் கவனிப்பார்கள். இதைப் பயிற்சி முகாமில் பார்க்க முடியாது. தோற்கும் ஆட்டத்தில்தான் தெரியும்.

பணம் எங்கே இருக்கு? பெனால்டி கார்னரில்!

2024 ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் இந்திய கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங். சூர்மா ஹாக்கி கிளப் அவரை 78 லட்சத்துக்கு எடுத்தது. வெளிநாட்டு வீரர்களில் கோன்சாலோ பெய்லாட்டை 68 லட்சத்துக்கு ஹைதராபாத் தூஃபான்ஸ் எடுத்தது. நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்குத் தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்தது.

மூவருக்கும் என்ன ஒற்றுமை? மூவரும் டிஃபெண்டர்கள். மூவரும் டிராக் ஃபிளிக் நிபுணர்கள்.

பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 46 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஸ்டிக்கில் ஏந்தி இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. கோலின் மேல் மூலைக்குக்கூட அனுப்பலாம். அதனால்தான் அந்தத் திறமைக்கு அந்த விலை.

அப்போ எல்லா டிஃபெண்டரும் டிராக் ஃபிளிக் கற்றுக்கொண்டால் போதுமா? அங்கேதான் ஒரு சிக்கல். ஃபிளிக்கருக்காக அணிகள் வெளிநாட்டு இடத்தையே செலவழிக்கத் தயாராக இருக்கின்றன. உள்ளூர் ஜூனியர் ஒருவர் சுமாராக ஃபிளிக் செய்வார் என்றால், அவர் மோதுவது பெய்லாட், யான்சன் போன்றவர்களோடு. அவர் கைக்குப் பந்து வரவே வராது.

தடுக்கும் பக்கம் கதை வேறு. பெனால்டி கார்னரைத் தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். அதில் பந்தை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுபவர் 'ஃபர்ஸ்ட் ரஷர்'. முகக்கவசம், முழங்கால் கவசம், கையுறை போட்டுக்கொண்டு, மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடிய ஃபிளிக்குக்கு நேர் எதிரே ஓட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டு ஷாட் கிளம்பும்வரை அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு நொடி.

தைரியம் மட்டும் இருந்தால் போதாது. விதியும் தெரியணும்:

- பந்து ஆடப்படுவதற்கு முன்பே ஓடிவிட்டால், அவர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும். மாற்று ஆள் கிடையாது. மிச்சம் 4 பேரோடு தடுக்கணும்.
- ஷாட்டிலிருந்து 5 மீட்டருக்குள் நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால், மறுபடியும் பெனால்டி கார்னர்.
- அதே தூரத்தில், இயல்பாக நிற்கும் நிலையில் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், ஷாட் ஆபத்தானது என்று தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட்.

இந்தியாவுக்கு இந்த வேலையில் பெயர் வாங்கியவர் அமித் ரோஹிதாஸ். அவரையும் தமிழ்நாடு டிராகன்ஸ்தான் 48 லட்சத்துக்கு வாங்கியது. தடுக்கும் வேலைக்கும் சந்தையில் விலை உண்டு என்பதற்கு இது ஒரு சாட்சி. ஆபத்தான வேலை என்பதால் இதற்கு முன்வருபவர்கள் குறைவு. ஃபிளிக் போடத் தெரியாத கல்லூரி டிஃபெண்டருக்கு உள்ளே போக இது ஒரு நேர்வழி.

ஓட்டம், உயரம், எடை... எவ்வளவு முக்கியம்?

யோ-யோ டெஸ்ட் பற்றி கிரிக்கெட் செய்திகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 மீட்டர் போய்த் திரும்பணும், 10 நொடி ஓய்வு, மறுபடி ஓட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பீப் சத்தத்தின் வேகம் கூடும். ஹாக்கியிலும் இதே சோதனை உண்டு. 15 நிமிடம் கொண்ட 4 குவார்ட்டர், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதால் ஆட்டத்தின் வேகம் குறையவே குறையாது. மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கினால் முடிவுகள் தப்பாகும்.

டிஃபெண்டருக்கு இன்னும் இரண்டு பார்ப்பார்கள். முதல் 5 மீட்டர் வேகம். முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று திரும்பிப் பின்னால் ஓடும் வேகம். இடுப்பைத் தாழ்த்தி நெடுநேரம் நிற்க முடிகிறதா என்பதும் உண்டு. கீழ்முதுகு வலி, தொடைத்தசை காயம் முன்பு வந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையில் தெரியாமல் போகாது.

ஆனால் அளவுகளை மட்டும் நம்பினால் ஏமாற்றமும் வரும். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் எடுப்பதற்கு முன் ஒரு பெரிய சோதனை முகாம் நடக்கும். தற்காப்பு வரிசை வீரர்களின் உயரம், எடை, கை நீளம், 40 கெஜ ஓட்டம், சுமார் 102 கிலோவை எத்தனை தடவை தூக்குகிறார் என எல்லாவற்றையும் அளப்பார்கள்.

2014-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆரோன் டொனால்ட், அந்த இடத்துக்கு உயரம் போதாது என்று பேசப்பட்டார். 12 பேர் எடுக்கப்பட்ட பிறகு 13-வதாகத்தான் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. அதன்பின் 2017, 2018, 2020 என மூன்று முறை லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை வாங்கினார். எதிராளிக்கு முன்பே கையை வைத்து, தாழ்வாக நுழையும் அவரது வேகத்துக்கு உயரம் குறைவு ஒரு தடையாக இல்லை.

ஹாக்கிக்கும் இது பொருந்தும். குள்ளமான டிஃபெண்டருக்கு இடுப்பைத் தாழ்த்துவது சுலபம். உயரமானவருக்கு ஸ்டிக் எட்டும் தூரம் அதிகம். எது நல்லது என்பதை ஆட்டம்தான் சொல்லும்.

ஒரு கார்டு, ஒரு பதக்கம்

பச்சை கார்டு என்றால் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு என்றால் ஆட்டமே முடிந்தது.

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. கிரேட் பிரிட்டனுக்கு எதிரான ஆட்டத்தின் 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸின் ஸ்டிக் எதிரணி வீரரின் தலையில் பட்டது. சிவப்பு கார்டு. மீதி ஆட்டம் முழுவதையும் இந்தியா 10 பேரோடு ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றது. ஆனால் ரோஹிதாஸுக்குத் தடை விதிக்கப்பட்டதால் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஆட முடியவில்லை. அந்த ஆட்டத்தில் இந்தியா 2-3 என்று தோற்றது. கடைசியில் கிடைத்தது வெண்கலம்.

அந்தக் கார்டு நியாயமா என்று விவாதம் நடந்தது. அது வேறு விஷயம். உலகத்தரமான டிஃபெண்டருக்கே ஒரு நொடியில் இப்படி நடக்கும் என்றால், அடிக்கடி கார்டு வாங்கும் இளம் வீரரை எடுக்க அணிகள் யோசிக்கத்தான் செய்யும். கோபத்தில் வாங்கியதா, கடைசி ஆளாக நின்று வேறு வழியில்லாமல் வாங்கியதா என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

மண்ணில் ஆடியவர் டர்ஃபில் தாங்குவாரா?

கரிசல் மண் மழைக்குச் சேறாகும், கோடைக்கு வெடிக்கும். அந்தத் தரையில் பந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாது. அங்கே ஆடி வளர்ந்தவருக்குக் கண்ணும் கையும் கூர்மையாக இருக்கும். ஆனால் பந்து எகிறும் என்ற பயத்தில் ஸ்டிக்கைச் செங்குத்தாகவே வைத்திருக்கும் பழக்கமும் வந்துவிடும்.

செயற்கைப் புல்வெளியில் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டிக்கைப் படுக்கவைத்து, உடம்பைத் தாழ்த்தி ஆட வேண்டும். கோவில்பட்டியில் டர்ஃப் வந்த பிறகு இந்த மாற்றத்தைச் சொந்த ஊரிலேயே பழக முடிகிறது. சுற்றுக் கிராமத்துப் பையன்களுக்கு எவ்வளவு சின்ன வயதில் டர்ஃப் நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

எதிரணியின் தரத்தையும் சேர்த்துத்தான் எடை போடணும். பல்கலைக்கழகங்களுக்குள் நடக்கும் கல்லூரிப் போட்டியில் அசத்துவது முதல் படி. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி, கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு, தேசிய ஜூனியர் போட்டி என மேலே போகப்போக அதே டிஃபெண்டர் எப்படித் தெரிகிறார் என்பதே உண்மையான சோதனை. லட்சுமி அம்மாள் கோப்பை போன்ற போட்டிகளின் அருமையும் இதுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் நிறுவன அணிகளின் ஃபார்வர்டுகளை உள்ளூர்ப் பையன் எதிர்கொள்ளும் வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வருகிறது.

ரெண்டு பேர், ஒரு இடம்: யாரை எடுப்பாங்க?

கற்பனையாக இரண்டு டிஃபெண்டர்களை வைத்துப் பார்ப்போம். இருவருக்கும் வயது 20.

முதல் ஆள்: ரைட் பேக். நல்ல உயரம், ஓட்டத்தில் புலி. ஆட்டத்துக்குப் பத்து டேக்கிள். ஆனால் தொடரில் ஆட்டத்துக்கு ஒன்று வீதம் பெனால்டி கார்னர் கொடுத்திருக்கிறார். பந்து கிடைத்தால் முன்னால் ஓங்கி அடிப்பார். சுமாரான டிராக் ஃபிளிக் உண்டு.

இரண்டாவது ஆள்: சராசரி உயரம், வேகம் மிதம். டேக்கிள் கம்மி. ஆனால் அவர் பக்கமாக எதிரணி வட்டத்துக்குள் நுழைந்தது குறைவு. நெருக்கடியிலும் பாஸ் தப்பாது. ஃபர்ஸ்ட் ரஷராக ஓடுவார். ஃபிளிக் தெரியாது.

உள்ளூரில் பேசப்படுபவர் முதல் ஆள். லீக் பயிற்சியாளர் ஒருவருக்கு நாளைக்கே பயன்படக்கூடியவர் இரண்டாவது ஆள். ஏனென்றால் ஃபிளிக் போட அவரிடம் ஏற்கெனவே பெரிய ஆள் இருப்பார். அவருக்கு வேண்டியது தப்பு செய்யாத, பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த, கார்னரில் ஓடத் துணிந்த ஒருவர்.

ஆனால் மூன்று வருஷம் கழித்து யார் பெரிய வீரர் ஆவார் என்று கேட்டால் பதில் மாறலாம். பொறுமையையும் பாஸையும் சொல்லிக்கொடுக்க முடியும். வேகத்தை ஓரளவுக்கு மேல் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் 'இப்போ என்ன', 'அப்புறம் என்ன' என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனி மதிப்பெண் போடுவதுதான் சரியான முறை.

லீக்கா, வேலையா? வீட்டில் எழும் கேள்வி

கரிசல் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு ஹாக்கி என்பது ஒரு அரசு வேலைக்கான வழி. ரயில்வே, வங்கி, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போவதுதான் இலக்கு. தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

அடிப்படை விலை 2 லட்சத்துக்கு எடுக்கப்படும் ஒரு வீரருக்கு அது ஒரு சீசனுக்கான பணம். மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த சீசனில் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் ஏலத்தில் பேர் வந்தால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

நல்ல செய்தி என்னன்னா, இரண்டும் ஒன்றை ஒன்று தடுப்பதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ், மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில் 'படிவம் 3' என்ற தனி வகை. தேசியப் போட்டிக்கு 'படிவம் 2'. லீக் கனவுக்காக ஆடும் அதே ஆட்டங்கள்தான் வேலைக்கான தகுதியையும் சேர்க்கின்றன. சான்றிதழை அந்தந்த வருஷமே வாங்கி வைக்கணும், அவ்வளவுதான்.

கல்லூரி டிஃபெண்டர் இப்போதே செய்ய வேண்டியவை

- முழு ஆட்டத்தையும் வீடியோ எடுங்கள். நல்ல டேக்கிள்களை மட்டும் வெட்டி ஒட்டிய 2 நிமிட வீடியோ டிஃபெண்டரைப் பற்றி எதுவும் சொல்லாது. உயரமான இடத்தில் ஒரு செல்போன், மைதானம் முழுக்கத் தெரியும்படி இருந்தால் போதும்.
- நான்கு எண்களை எழுதி வையுங்கள்: பந்தை இடைமறித்தது, பாஸ் தப்பியது, பெனால்டி கார்னர் கொடுத்தது, கார்டு வாங்கியது. பத்து ஆட்டத்துக்கு எழுதினால் உங்கள் பலவீனம் உங்களுக்கே தெரியும்.
- ஒரு இரண்டாவது இடம் பழகுங்கள். ரைட் பேக் ஆடுபவர் ரைட் ஹாஃபிலும் ஆடினால் அணிப் பட்டியலில் இடம் பிடிப்பது சுலபம்.
- கார்னரில் ஒரு வேலையைச் சொந்தமாக்குங்கள். ரஷர், கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவர், பந்தை நிறுத்துபவர், எதுவானாலும் சரி.
- காயத்தை மறைக்காதீர்கள். அரைகுறையாக ஆறிய தொடைத்தசை, தேர்வு நாளன்று காட்டிக்கொடுத்துவிடும்.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள் ஆடிய அந்தத் தொடரில் இந்தியா வெண்கலம் வென்றது. கோவில்பட்டியிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் உலகின் சிறந்த இளம் டிஃபெண்டர்கள் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த ஆட்டங்களை வீடியோவில் மறுபடி பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு டிஃபெண்டரை மட்டும் ஒரு குவார்ட்டர் முழுக்கப் பாருங்கள். எங்கே நிற்கிறார், எப்போது திரும்பிப் பார்க்கிறார், யாரைக் கூப்பிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். தேர்வாளர்கள் செய்வதும் அதைத்தான்.